தந்தி வந்த வீடுகள்: இலங்கைக்குப் போன படையும் மதுரைப் பக்கத்து ஊர்களும் (அனுபவப் பகிர்வு)

கல்லுப்பட்டிக்காரர்:
1987 ஜூலை 30-ல் இலங்கையில் இறங்கிய இந்திய அமைதிப்படை (ஐ.பி.கே.எஃப்.), 1990 மார்ச் 24-ல் திருகோணமலையில் கடைசிக் கப்பல் ஏறியது. இடையில் ஏறத்தாழ 1,200 பேர் செத்தார்கள். தேனியும் சேர்ந்திருந்த பழைய மதுரை ஜில்லாவில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அப்படிப்பட்ட ஊர்களில் சாவுச் சேதி எப்படி வந்தது, ஜனங்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள், காகிதம் எங்கே சிக்கியது? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம், நடைமுறை வேண்டும்.

தபால் பை:
தந்தியிலேர்ந்து ஆரம்பிக்கணும்ணே. அப்பல்லாம் சேதி சண்டை நடக்குற இடத்துலேர்ந்து நேரா வீட்டுக்கு வராது. யூனிட் தன்னோட ரெக்கார்ட் ஆபீசுக்கு, அதாவது ஆள் விவரம் வச்சிருக்குற ஆபீசுக்கு, சொல்லும், அங்கேருந்துதான் வீட்டுக்குத் தந்தி. மெட்ராஸ் ரெஜிமென்ட்னா நீலகிரி வெலிங்டன். ஆனா நம்ம பக்கத்துப் பையன் எல்லாம் மெட்ராஸ் ரெஜிமென்ட்ல மட்டுமா இருந்தான்? தகவல் தொடர்பு பார்க்குற சிக்னல்ஸ்னா ஜபல்பூர், பீரங்கிப் படைன்னா நாசிக், பழுது பார்க்குற இ.எம்.இ.ன்னா செகந்திராபாத், மருத்துவப் படைன்னா லக்னோ. லக்னோ பேர் போட்டுத் தந்தி வந்தா, "அவன் யாழ்ப்பாணத்துலல்ல இருந்தான், இது வேற யாருக்கோ வந்தது"ன்னு வீடு ஒரு பொழுது நம்பிக்கிட்டு இருக்கும்.

கடுதாசியிலயும் ஊர் பேர் இருக்காது. நம்பர், ரேங்க், பேர், யூனிட், கேர் ஆஃப் ஏ.பி.ஓ. (ராணுவத் தபாலாபீஸ்), அவ்வளவுதான். அவன் இலங்கையில இருக்கானா இல்லையாங்கறதே லீவுல வந்த இன்னொருத்தன் சொல்லித்தான் தெரியும்.

இதுல பெரிய சிக்கல், தந்தி முந்தும், இன்லேண்ட் கடுதாசி பிந்தும். சாவுச் சேதி வந்து எழவு விழுந்த வீட்டுக்கு, செத்தவன் கையெழுத்துல கடுதாசி வந்து சேரும். தபால்காரர் அதை வச்சுக்க முடியாது, சேர்த்தே ஆகணும். சேர்த்தா உடனே "உயிரோட இருக்கான்"னு ஒரு சத்தம் கிளம்பும். அப்ப ஊர்ல இருக்குற பழைய பட்டாளத்துக்காரரைக் கூப்பிட்டு முத்திரையைப் பார்க்கச் சொல்லுவாங்க. ராணுவத் தபாலாபீஸ் முத்திரையில ஊருக்குப் பதிலா எண் இருக்கும், தேதி இருக்கும். மை சரியா விழாம தேதியில ஒரு இலக்கம் அழிஞ்சிருந்தா போச்சு. வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சு, உள்ள அவன் கையால போட்ட தேதியோட ஒத்துப் பார்த்து, அது தந்தியில சொன்ன நாளுக்கு முந்தினதுதான்னு அவர் வாயால சொல்லணும். அந்த வேலையை ஊர்ல எவனும் ஆசைப்பட்டுச் செய்ய மாட்டான்.

பேரையூர் ரோடு:
தபால்காரர் அண்ணன் சொன்னதற்கு அடுத்தபடி இதுதான். அந்தக் காலத்தில் உடல் வீட்டுக்கு வருவது அபூர்வம். 1999 கார்கில் வரைக்கும் பெரும்பாலும் போன இடத்திலேயே எரித்துவிடுவார்கள். அஸ்தி வரும், பின்னால் அவன் சாமான் பெட்டி வரும்.

பிணம் இல்லாத எழவு எப்படி நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நீர்மாலை எடுக்க முடியாது. தேர் கட்ட முடியாது. வாய்க்கரிசி இல்லை, கொள்ளிக்குடம் இல்லை, சுடுகாடு வரை நடந்து போய் முங்கிவிட்டு வருகிற அந்த நடையே இல்லை. போட்டோவுக்கு மாலை போட்டு நாற்காலியில் வைப்பார்கள். வந்தவர்கள் துண்டை இறக்கிவிட்டு உட்கார்ந்து, கையைக் கொடுத்துவிட்டு எழுந்து போவார்கள். பெண்கள் ஒப்பாரி வைத்தாலும் எப்போது நிறுத்துவது என்று தெரியாது. பிணத்தைத் தூக்கும்போதுதானே ஒப்பாரிக்கு ஒரு முடிவு.

பதினாறாம் நாளை எதிலிருந்து எண்ணுவது என்பதிலும் தகராறு வரும். பெரும்பாலும் சேதி கேட்ட நாளை முதல் நாளாக வைத்துக் கருமாதியை முடிப்பார்கள். வருசத் திவசத்துக்கு மட்டும் காகிதத்தில் உள்ள தேதி. 'காணவில்லை' என்று தந்தி வந்த வீட்டில் இதுவும் நடக்காது. தாலியைக் கழற்றலாமா கூடாதா என்று இரண்டு பக்கத்துச் சொந்தமும் ஆளுக்கொரு பேச்சுப் பேசும். பூ வைப்பதா வேண்டாமா என்று அந்தப் பிள்ளை தினம் காலையில் யோசிக்க வேண்டும்.

அஸ்தியை ராமேஸ்வரத்தில் கரைப்பதுதான் நம்ம பக்கத்து வழக்கம். கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கொண்டுவந்ததை இந்தப் பக்கம் அதே கடலில் கரைத்தார்கள்.

என் கணிப்பைச் சொல்கிறேன், மறுப்பவர்கள் மறுக்கலாம். அத்தனை பேர் செத்தும் இங்கே தெருவில் கொந்தளிப்பு வராததற்கு முதல் காரணம் ஊர்வலம் இல்லாததுதான். கட்சி அரசியல் இரண்டாவது. 2020-ல் சீன எல்லையில் கல்வானில் இறந்த ஹவில்தார் பழனியின் உடல் மதுரை விமான நிலையத்தில்தான் வந்து இறங்கியது. 2022 ஆகஸ்டில் காஷ்மீர்ப் பக்கம் ரஜௌரியில் இறந்த லட்சுமணன் உடல் வந்தபோது அதே விமான நிலையத்தில் அரசியல் மோதி, அமைச்சர் கார் மேல் செருப்பு விழுகிற அளவுக்குப் போனது. சவப்பெட்டி வந்தால் கூட்டம் வரும். கூட்டம் வந்தால் கேள்வி வரும். 1987-ல் வந்ததெல்லாம் ஒரு தாள்.

சுவரொட்டி:
பேரையூர் ரோடு ஐயா, நீங்க அரசியலை ரொம்பத்தான் பின்னால தள்ளுறீங்க. 1986 மே 4-ல் இதே மதுரையில் ஈழத் தமிழர் ஆதரவு அமைப்பான டெசோவின் மாநாடு நடந்தது. வாஜ்பாய், என்.டி.ராமராவ், பகுகுணா எல்லாரும் மேடையில். ஈழத் தமிழனுக்காக அப்படிக் கூடின ஊர் இது. 1987 ஆகஸ்ட் 2-ல் ராஜீவும் எம்.ஜி.ஆரும் மெரினாவில் இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குக் கூட்டம் போட்டபோது, "சரி, சண்டை முடிஞ்சது"ன்னு ஜனம் நம்பிச்சு. செப்டம்பர் 26-ல் விடுதலைப் புலிகளின் திலீபன் உண்ணாவிரதத்தில் செத்தார். அக்டோபர் இரண்டாம் வாரம் நம்ம ராணுவமே யாழ்ப்பாணத்துக்குள்ள புலிகளோட சண்டை பிடிக்குது. 12-ஆம் தேதி யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறங்கிய சீக்கிய காலாட்படை 30 பேரில் 29 பேர் செத்தார்கள். 21-ஆம் தேதி யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் டாக்டர், நர்ஸ், நோயாளி எல்லாரும் நம்ம ராணுவத்தால் சுடப்பட்டார்கள். ஒரே பேப்பரில் ஒரு பக்கம் நம்ம சிப்பாய் சாவு, மறுபக்கம் ஈழத் தமிழன் சாவு. டீக்கடையில் அதைப் படிக்கிறவன் எந்தப் பக்கம் உச்சுக்கொட்டுவான்?

பட்டாளத்துக்காரன் வீட்டை யாரும் பகைக்கவில்லை, அதையும் சொல்லணும். எழவுக்கு எல்லாரும் போனார்கள். ஆனால் 'படையைத் திரும்பப் பெறு' சுவரொட்டி ஒட்டின கட்சிக்காரன் அந்த வீட்டு வாசலுக்குக் கொடியோடு போக முடியாது. படையை அனுப்பின கட்சிக்காரனுக்கோ தெருவில் முகம் காட்டக் கூச்சம். ஆக, கொடி இல்லாத எழவு. 1990 மார்ச்சில் படை சென்னைத் துறைமுகத்துக்கு வந்தபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழனைக் கொன்ற படையை வரவேற்க மாட்டேன் என்ற அந்த நிலைப்பாட்டுக்கு இங்கே கைதட்டும் இருந்தது. கைதட்டினவர்கள் எல்லாரும் அந்தத் தாய்மார்களுக்கு எதிரி இல்லை.

ஆனையூர்:
ஈழ அகதி முகாம்காரங்க பக்கமும் ஒரு வரி. ஆனையூர், திருவாதவூர், உச்சப்பட்டி முகாம்ல இருக்குற குடும்பங்களுக்கு 'ஐ.பி.கே.எஃப்.'னாலே வேற ஞாபகம். உச்சப்பட்டி முகாமும் பட்டாளத்துக் குடும்பங்களும் திருமங்கலத்துல ஒரே சந்தையிலதான் காய் வாங்குறாங்க. இந்தப் பேச்சை ரெண்டு பேரும் எடுக்கிறதில்ல.

பென்ஷன் ஃபைல்:
காகிதத்துக்கு வருகிறேன். அந்த விதவைகள் இன்றைக்கு அறுபதைத் தாண்டியவர்கள், சிக்கல் இன்னும் ஓடுகிறது.

முதலில் சாவு எந்த வகை என்று பாருங்கள். எதிரி கையால் இறந்தால் 'பேட்டில் கேஷுவல்டி'. அதற்குத் தாராளமயக் குடும்ப ஓய்வூதியம், இன்றைய விதிப்படி கடைசிச் சம்பளம் முழுதும். பணி காரணமான மற்ற சாவுக்குச் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம், 60 சதவீதம். சாதாரணச் சாவுக்கு 30. அங்கே வண்டி கவிழ்ந்தோ காய்ச்சலிலோ இறந்தவர்கள் ஃபைலில்தான் வகை மாறிக் கிடக்கும். பி.பி.ஓ.வில் (ஓய்வூதிய ஆணையில்) என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். பாஸ்புக்கை மட்டும் பார்த்துவிட்டு "பென்ஷன் வருது"ன்னு விட்டுவிடாதீர்கள். வகை தவறு என்றால் முதலில் ரெக்கார்ட் ஆபீசுக்கு மனு, நகல் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு. அங்கே நடக்காவிட்டால் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது.

இரண்டாவது, பெயர். கல்யாணம் ஆனதும் 'பார்ட் டூ ஆர்டர்' போட்டு மனைவி பெயரைப் பதிவு செய்ய வேண்டும். பையன் லீவில் வந்து தாலி கட்டிவிட்டு அப்படியே இலங்கைக்குப் போயிருப்பான். ஷீட் ரோல் என்கிற பணிப்பதிவுத் தாளில் அப்பா பெயர்தான் இருக்கும். மாமனார் பெயருக்குத் தந்தி, மாமனார் பெயருக்கே காகிதம். மருமகள் வாரிசுச் சான்றுக்குத் தாசில்தார் ஆபீஸ் அலைவாள். பதிவான இடத்திலும் 'முத்துலெட்சுமி' ஒரு தாளில் 'லெட்சுமி', இன்னொன்றில் 'எம்.லட்சுமி'. அந்தக் காலத்தில் கைநாட்டு வைத்து ஓடியது. இப்போது ஸ்பர்ஷ் என்கிற பாதுகாப்புத் துறை ஓய்வூதிய இணையதளத்துக்குக் கணக்கை மாற்றிய பிறகு ஆதாரில் உள்ள எழுத்தோடு ஒத்துப்போகாவிட்டால் ஆயுள் சான்று ஏறாது, பணம் நிற்கும். நின்ற பிறகு ஓடுவதைவிட, பி.பி.ஓ., ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு இப்போதே திருத்தக் கொடுங்கள்.

பெட்டி பற்றி: இறந்தவரின் சாமானுக்கு யூனிட்டில் ஒரு குழு உட்கார்ந்து பட்டியல் போடும். கடன் இருந்தால் கழித்து, மீதிச் சம்பளத்தையும் வருங்கால வைப்பு நிதியையும் கணக்கெழுதி அனுப்பும். 1950-ஆம் ஆண்டுச் சட்டப்படி நடக்கிற வேலை. அந்தப் பட்டியலை அனேகமாக எல்லா வீட்டிலும் தொலைத்துவிட்டார்கள். டிரங்குப் பெட்டியின் மூடியில் வெள்ளைப் பெயின்டில் சர்வீஸ் நம்பர் எழுதியிருக்கும். வேறு தாளே இல்லாத வீட்டில் அந்த நம்பரை வைத்துத்தான் ஃபைலைத் தேடியாக வேண்டும். பெட்டிக்குத் தயவுசெய்து புதுப் பெயின்ட் அடிக்காதீர்கள்.

கல்லுப்பட்டிக்காரர்:
டெல்லி நினைவுச்சின்னத்தில் பெயர் இருக்கிறதா என்று சிலர் கேட்கிறார்கள். ஃபைல் ஐயாவுக்குத் தெரியுமா?

பென்ஷன் ஃபைல்:
2019 பிப்ரவரி 25-ல் திறந்த தேசியப் போர் நினைவுச்சின்னத்தில் தியாகச் சக்கரம் என்ற சுவரில் கருங்கல்லில் பெயர்கள் இருக்கின்றன, திறந்தபோது 25,942. இலங்கையில் இறந்தவர்களும் அதில் உண்டு. கொழும்புப் பக்கமும் பலாலியிலும் தனி நினைவுச்சின்னங்கள் இருக்கின்றன. தேடும்போது ஆங்கில எழுத்துக்கூட்டல் மாறியிருக்கும், இனிஷியல் முன்னே பின்னே இருக்கும். பெயரை மட்டும் வைத்துத் தேடி "இல்லை" என்று திரும்பாதீர்கள். சர்வீஸ் நம்பர், யூனிட், இறந்த தேதி மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். அப்படியும் கிடைக்காவிட்டால் அதே மூன்றையும் எழுதி ரெக்கார்ட் ஆபீசுக்கு ஸ்பீட் போஸ்ட் போடுங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.