புதுப்பிப்பு: அண்ணனின் ஆர்என்ஏ அறிக்கை வந்துவிட்டது

அக்யூட் மைலாய்டு லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய் உள்ள என் அண்ணனுக்கு குரோமோசோம் சோதனை நார்மல், எஃப்எல்டி3-ஐடிடி என்ற ஜீன் மாற்றம் மட்டும் பாசிட்டிவ் என்று எழுதியிருந்தேன். "நார்மல்தானே, அப்புறம் எதற்கு இன்னொரு சோதனை?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

இதற்குத்தான். புற்றுநோய் செல்களில் என்யூபி98, என்எஸ்டி1 என்ற இரண்டு ஜீன்கள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதை ஆர்என்ஏ சோதனை காட்டியிருக்கிறது. 5ஆம் குரோமோசோமின் நீளக் கை நுனியும் 11ஆம் குரோமோசோமின் குட்டைக் கை நுனியும் இடம் மாறியதன் விளைவு. மாறியவை சின்னத் துண்டுகள். சாயமேற்றினால் இரண்டும் ஒரே மாதிரி வெளிறித் தெரியும், அதனால் மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பவர் கண்ணுக்குச் சிக்காது. எஃப்எல்டி3-ஐடிடி இதோடு அடிக்கடி கைகோத்து வருமாம். அது இருந்தும் கேரியோடைப் (குரோமோசோம் சோதனை) நார்மல் என்றால், இந்த இணைவைத் தேடச் சொல்லிக் கேளுங்கள்.

செய்தி நல்லதில்லை, சுற்றி வளைக்க விரும்பவில்லை. கீமோவுக்குச் சரியாக மசியாத வகை இது. நோய் அடங்கியதும் ஸ்டெம் செல் மாற்று (பொருந்தும் ஒருவரின் ரத்தம் உருவாக்கும் செல்களை ஏற்றுவது) என்கிறார் டாக்டர். மெனின் என்ற புரதத்தின் வேலையைத் தடுக்கும் மருந்து பற்றியும் கேட்டேன். அந்த வகை மருந்தான ரெவுமெனிப் அமெரிக்காவில் 2024இல் அனுமதி பெற்றது கேஎம்டி2ஏ என்ற வேறொரு ஜீனின் மாற்றத்துக்கு. என்யூபி98 வகையும் மெனினை நம்பியே வளர்கிறது என்பதால் ஆய்வுகள் நடக்கின்றன.

ஸ்டெம் செல் தர உடன்பிறந்தவர் ஒருவர் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. எனக்கும் தங்கைக்கும் ரத்தம் எடுத்துவிட்டார்கள்.