புதுப்பிப்பு: அம்மாவின் கண் அழுத்தம் 15தான், ஆனாலும் கிளாக்கோமா

"21க்குள் இருந்தால் சரிதானே, 15 இருக்கிற அம்மாவுக்கு எப்படி கிளாக்கோமா?" என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. (கிளாக்கோமா என்றால் பார்வை நரம்பு மெல்ல மெல்லச் சேதமாகும் கண் நோய்.)

மருத்துவர் விழித்திரைப் படத்தைக் காட்டினார். பார்வை நரம்பின் ஓரத்தில், தீக்குச்சிச் சுடர் மாதிரி மெல்லிய ரத்தக் கீற்று. அது கிளாக்கோமாவின் ஓர் அடையாளமாம். நரம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்கள் நலிந்திருந்தால், சாதாரண அழுத்தத்தையே நரம்பு தாங்காமல் போகலாமாம். ரத்தக் குழாய்கள் எளிதில் சுருங்குகிறதா என்று அறிய, குளிரில் விரல் வெளுக்குமா என்றும் கேட்டார். அம்மாவுக்கு வெளுக்கும்!

அப்புறம் கையில் 24 மணி நேர பிபி கருவி கட்டினார்கள். விடியற்காலை 3 மணிக்கு 88/50. பிபி அவ்வளவு இறங்கினால் நரம்புக்குப் போகும் ரத்தம் குறையலாமாம். இதய மருத்துவரிடம் பேசிவிட்டு, இரவு போடும் பிபி மாத்திரையைக் காலைக்கு மாற்றினார். தயவுசெய்து நீங்களாக மாற்றிவிடாதீர்கள்.

சொட்டு மருந்து தொடர்கிறது. கண் அழுத்தத்தை 30 சதவீதம் குறைப்பதுதான் இலக்கு. டிசம்பரில் மறுபடி பார்வைப்புலச் சோதனை (பக்கவாட்டிலும் எவ்வளவு தூரம் தெரிகிறது என்று பார்ப்பது).