புதுப்பிப்பு: டவுட்ஃபுல் சவுண்டில் ஓர் இரவு தங்கிவிட்டு வந்தோம்

நியூசிலாந்தில் மலைகளுக்கு நடுவே கடல் உள்ளே புகுந்திருக்கும் டவுட்ஃபுல் சவுண்டுக்கு ஒருநாள் படகு போதுமா, இரவு தங்கும் படகில் போகலாமா, மழை பெய்தால் பணம் வீணாகிவிடுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். இரவு தங்கச் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

மனபோரி ஏரியைப் படகில் கடந்து, 671 மீட்டர் உயர வில்மட் கணவாயைப் பேருந்தில் ஏறி இறங்கினால்தான் சவுண்டில் படகு ஏறும் இடமான டீப் கோவ். நாட்டின் மற்ற சாலைகளோடு சேராத சாலை அது. நீர்மின் நிலையத்துக்காகப் போட்டது.

மழை விடாமல் பெய்தது. நல்லவேளை! சற்று முன் வெறும் பாறையாக இருந்த இடத்திலெல்லாம் அருவி. காட்டிலிருந்து வரும் மழைநீர் தேநீர் நிறத்தில் கடல்நீரின் மேல் தனி அடுக்காக நிற்கிறது. அது வெளிச்சத்தை மறைப்பதால் ஆழத்தில் வாழும் கறுப்புப் பவளம் இங்கே மேலேயே வளர்கிறதாம். கயாக்கில் போனபோது துடுப்பில் சொட்டிய நீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பே தெரியவில்லை.

இரவு ஜெனரேட்டரை நிறுத்தினார்கள். அப்புறம் அருவிச் சத்தம் மட்டும்தான். அம்மா என் கையைப் பிடித்தபடி வெகுநேரம் தளத்திலேயே நின்றார்.

போகிறவர்களுக்கு இரண்டு விஷயம்: மணல் ஈ கடி பொல்லாதது, முழுக்கைச் சட்டை அவசியம். சவுண்ட் டாஸ்மான் கடலோடு சேரும் இடத்துக்கு அருகே படகு நன்றாக ஆடும். குமட்டல் மாத்திரையை முன்னாடியே போட்டுக்கொள்ளுங்கள்.