புதுப்பிப்பு: வாஷர் தொட்டிக் கசிவு நின்றுவிட்டது

காரின் முன்கண்ணாடி கழுவும் தண்ணீரை இரவில் நிரப்பினால் காலையில் தொட்டி காலி, முன்சக்கரத்தருகே தரை ஈரம் என்று முன்பு எழுதியிருந்தேன். தொட்டியில் விரிசல் என்றே பலரும் கருதினீர்கள். விரிசல் இல்லை; தண்ணீரைக் கண்ணாடிக்குத் தள்ளும் பம்பு தொட்டியில் செருகியிருக்கும் இடத்து ரப்பர் வளையம்தான் காரணம்.

தண்ணீர் முழுவதும் வடிந்ததே ஒரு தடயம். ஓட்டை மேலே இருந்திருந்தால் கசிவு அந்த மட்டத்தோடு நின்றிருக்கும். ஆகவே அடிப்பக்கத்தையே முதலில் பார்த்தேன். சக்கரத்தைக் கழற்றி, உட்புறப் பிளாஸ்டிக் மறைப்பை விலக்கியதும் தொட்டி தெரிந்தது. (காரை ஜாக்கில் மட்டும் நிறுத்தாதீர்கள், அடியில் தாங்கி (ஸ்டாண்ட்) கட்டாயம் வேண்டும்.) வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துவிட்டு, நீலச் சாயம் கலந்த தண்ணீரை ஊற்றினேன். குழாய் இணைப்புகள் உலர்ந்தே இருந்தன. பம்பின் கழுத்தடியில் மட்டும் ஒரு நீலத்துளி திரண்டு, சொட்டி, மீண்டும் திரண்டது.

பம்பை மேல்நோக்கிச் சாய்த்து இழுத்ததும் வந்துவிட்டது. வளையம் இறுகி, உள்விளிம்பில் நகம் பட்டாலே பொடிந்தது. உதிரிபாகக் கடையில் அதே அளவில் புதியது கிடைத்தது. சோப்புத் தண்ணீர் தடவி அழுத்தினால் எளிதாக உட்காருகிறது. பம்புக்குள் தண்ணீர் நுழையும் இடத்துச் சல்லடையில் வழுவழுப்பான பாசி அடைத்திருந்தது, அதையும் கழுவினேன்.

சிலிக்கான் பசை பூசலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். இவ்வகைத் தொட்டிகள் பெரும்பாலும் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்; அதில் அந்தப் பசை நிலைத்துப் பிடிக்காது, சில நாட்களில் உரிந்துவிடும்.

இப்போது தொட்டி நிரம்பியே நிற்கிறது, தெளிப்பான் முனைகள் இரண்டிலும் தண்ணீர் வேகமாகப் பீய்ச்சுகிறது.