வில்சன்–பாப்பு விளைவுக்கு இன்னும் வேலை இருக்கா? (நெல்லை வானம் பார்ப்போர் இழை)

பொதிகைச்சாரல்:
மாசி, பங்குனியில மணிமுத்தாறு பக்கம் நிறமாலை எடுப்போம்னு பேச்சு வந்ததும், இந்திய வானியலாளர் வைணு பாப்பு பேரைச் சொல்லி எல்லாரும் சுவாதி நட்சத்திரத்தோட கால்சியம் கே வரியை (நிறமாலையில கால்சியம் ஒளியை உறிஞ்சுறதால விழுற ஒரு இருண்ட கோடு) கேக்குறீங்க. 1957-ல ஓலின் வில்சனும் பாப்புவும் 185 நட்சத்திரங்களை வச்சு ஒண்ணு காட்டினாங்க: 393.4 நானோமீட்டர்ல இருண்டு கிடக்குற கே வரியோட நடுவுல ஒரு சின்ன உமிழ்வு எழும். அது அகலமா இருந்தா நட்சத்திரத்தோட உண்மைப் பிரகாசமும் அதிகம், அதுதான் வில்சன்–பாப்பு விளைவு. பிரகாசம் தெரிஞ்சா தூரம் தெரியும். அப்ப அது பெரிய விஷயம். இப்ப கையா விண்கலம் நூறு கோடிக்கு மேல நட்சத்திரங்களுக்கு நேரடியாவே இடமாறு தோற்றம் (பூமி நகர்றப்ப நட்சத்திரம் இடம் மாறித் தெரியுற அளவு, அதுலேருந்து தூரம்) அளந்து கொடுத்துட்டு. 2003-ல வந்த திருத்தின சமன்பாட்டுலகூட பிழை 0.6 மேக்னிட்யூட் (பிரகாச அளவு, எண் குறைஞ்சா பிரகாசம் கூடும்), அதாவது தூரத்துல 30 சதவீதம். அதனால இந்த விளைவு செத்துப்போச்சுங்கிறேன். என் கணக்குல பாப்பு விட்டுப்போன பெரிய சொத்து காவலூர் வான் ஆய்வகம்தான். 1968-ல 38 செ.மீ. தொலைநோக்கியோட ஆரம்பம், 1972-ல ஒரு மீட்டர், 1977-ல யுரேனஸ் வளையத்தைக் கண்டதுல பங்கு, அவர் காலமான பிறகு 1986-ல அவர் பேரிலேயே 2.3 மீட்டர் தொலைநோக்கி.

தாமிரபரணிக்கரை:
அண்ணாச்சி, தூரத்தை மட்டும் வச்சு எடை போடாதீங்க. சூரியன் மாதிரி குள்ளனுக்கும் சிவப்பு அரக்கனுக்கும் ஒரே கோடு பொருந்துது. வெப்பநிலை மாறினாலும், உமிழ்வு மங்கலா பளிச்சுன்னு இருந்தாலும் அகலம் அசையறதில்ல. ஏன்னு கேட்டதுலதான் நட்சத்திரங்களோட நிறமண்டல (ஒளிரும் மேற்பரப்புக்கு மேல உள்ள வாயு அடுக்கு) ஆய்வே வேகம் பிடிச்சது. ஈர்ப்பு குறைஞ்ச அரக்கன்ல நிறமண்டலம் தடிமனா விரிஞ்சு கிடக்கும், அதனால வரியும் அகலும். பாப்பு இதை எழுதிட்டு விட்டுடவும் இல்ல. கொடைக்கானலுக்கு வந்து சூரியனையே எடுத்துக்கிட்டார். 1971-ல சிவராமனோட சேர்ந்து, சூரியனோட கே வரி அகலத்துக்குக் காரணம் நிறமண்டலத்துல இருக்குற நுண்ணிய ஒளிப்புள்ளிகள்னு காட்டினார். வில்சன் 1966-ல தொடங்கின நீண்ட அளவீட்டுலதான் மத்த நட்சத்திரங்களுக்கும் சூரியன் மாதிரி ஏறி இறங்குற செயல்பாட்டுச் சுழற்சி உண்டுன்னு தெரிஞ்சது. அதுவும் இதே கால்சியத்தோட எச், கே வரிகள்தான்.

இன்னொண்ணு. சுவாதி மாதிரி கண்ணைப் பறிக்கிற நட்சத்திரத்துல கையாவோட உணரி (கேமரா சென்சார்) தெவிட்டிப் போகும், அதாவது ஒளி நிரம்பி அளக்க முடியாம போகும். அதுக்கு இன்னும் பழைய ஹிப்பார்க்கோஸ் விண்கல அளவுதான், 36.7 ஒளியாண்டு.

வல்லநாட்டு வானம்:
ரெண்டு பேர் வாதமும் இருக்கட்டும். களத்துல என்ன ஆகும்னு கணக்குப் போடுவோம். 2003 சமன்பாடு: உண்மை மேக்னிட்யூட் = 33.2 − 18.0 × மடக்கை(அகலம், கி.மீ/வினாடி). சுவாதிக்கு −0.3, அப்படின்னா அகலம் 73 கி.மீ/வினாடி வரணும். ஆங்ஸ்ட்ராம்ல (நானோமீட்டர்ல பத்துல ஒண்ணு) 0.95. பிரிதிறன் (நெருங்கின அலைநீளங்களைப் பிரிச்சுக் காட்டுற திறன்) 15,000 உள்ள நிறமாலைக் கருவி தானே 20 கி.மீ/வினாடி அகலம் சேர்க்கும், அதனால திரையில 75.4 தெரியும். இதுல 20-ஐ வர்க்கத்துல கழிச்சா (ரெண்டையும் வர்க்கமாக்கிக் கழிச்சு, வர்க்கமூலம் எடுத்தா) 72.7. நேரா கழிச்சா 55.4, மேக்னிட்யூட் +1.8, சுவாதி 14 ஒளியாண்டுக்கு வந்து நிக்கும். எல்லாம் சரியா செஞ்சாலும், அகலத்துல 5 சதவீதம் பிசகினா தூரத்துல 19 சதவீதம் போச்சு.

மத்ததையும் பாருங்க. கண்ணாடி வில்லைத் தொலைநோக்கி 393 நானோமீட்டர்ல சரியா குவியாது, கண்ணாடியால ஒளியைத் திருப்புற நியூட்டோனியன்தான் வேணும். அலைநீளத்தைச் சரிபார்க்க எடுக்குற நியான் விளக்குல அந்தப் பக்கம் உருப்படியான வரி கிடையாது. ஆர்கான் கலந்த டியூப்லைட் ஸ்டார்ட்டர் கிடைச்சா 394.7, 404.4 வரிகள் உதவும். அகத்தியர் நட்சத்திரத்தை (கனோபஸ்) எடுக்கலாமேன்னு யாரும் கேக்க வேண்டாம். வில்சன், பாப்பு எடுத்தது ஜி, கே, எம்னு வெப்பம் குறைஞ்ச நட்சத்திர வகைகள். கனோபஸ் அதைவிடச் சூடு.

பொதிகைச்சாரல்:
இதைத்தான் சொல்ல வந்தேன். இங்க இருக்குற 8 அங்குலத் தொலைநோக்கிக்கு கே வரி அளவீடு ஒத்துவராது. பாப்புவோட இன்னொரு வேலை நமக்குப் பொருந்தும்: வுல்ஃப்–ராயே நட்சத்திரங்கள் (வாயுவை வேகமா வீசுற, ரொம்பச் சூடான நட்சத்திரங்கள்). அதுல ஒண்ணான, தெற்கே இருக்குற காமா வெலோரம் மார்ச் நடுவுல ராத்திரி 9 மணிக்கு உச்சிக்கோட்டுல நிக்கும். இங்கேருந்து உயரம் 34 பாகை, காவலூர்லகூட 30-தான்.

தாமிரபரணிக்கரை:
எடுங்க, மறுக்கல. ஆனா கருவி பத்தலைங்கிறதும் விளைவு செத்துப்போச்சுங்கிறதும் வேற வேற. முதல் பதிவுல நீங்க சொன்னது ரெண்டாவது. அதை ஒத்துக்க மாட்டேன்.

வல்லநாட்டு வானம்:
காமா வெலோரம்னா பிளவே (ஒளி நுழையுற குறுகிய இடுக்கு) வேண்டாம். ஒரு மி.மீ.க்கு 100 கோடு உள்ள கிரேட்டிங்கை (ஒளியை நிறமாலையா பிரிக்கிற தகடு) உணரிக்கு 80 மி.மீ. முன்னால திருகுங்க. 3.75 மைக்ரான் பிக்சலுக்கு 4.7 ஆங்ஸ்ட்ராம் விழும். அந்த நட்சத்திரத்துலேருந்து வெளிவர்ற வாயுக்காற்று வினாடிக்கு 1,500 கி.மீ. வேகத்துல வீசுது, அதனால 4650 ஆங்ஸ்ட்ராம் கார்பன் வரி 46 ஆங்ஸ்ட்ராமுக்கு, பத்து பிக்சலுக்கு விரியும். அடுத்து 5696, 5808 கார்பன் வரிகள். அலைநீளத்துக்கு முதல்ல சிரியஸை எடுத்து 4861 ஹைட்ரஜன் வரியைப் பிடிச்சுக்கோங்க. நட்சத்திரத்தைத் தெவிட்ட விடாதீங்க, குறுகின நேரத்துல பல படம் எடுத்து அடுக்குங்க. தெற்கு அடிவானத்துல ஊர் வெளிச்சம் இல்லாத இடமா இருக்கணும். வைகாசிக்குத் தள்ளிப் போட்டா ராதாபுரம், வள்ளியூர் பக்கம் காத்து தாங்கியையே ஆட்டிடும், படம் நிக்காது.