வீட்டுல செஞ்ச டாக் (டிஜிட்டல் சிக்னல அனலாக் சத்தமா மாத்துற பெட்டி): டிவி ஓடுனா டிவிடி பாட்டு விட்டு விட்டு வருது, உதவி பண்ணுங்க

காவேரிப்பட்டணம் பையன்: அண்ணா, டிஜிட்டல் சிக்னல வாங்குற சிஎஸ்8416 ரெடிமேட் போர்டும் அத சத்தமா மாத்துற ஊதா கலர் பிசிஎம்5102 போர்டும் பெங்களூரு எஸ்பி ரோட்ல வாங்கிட்டு வந்து ஒரு டாக் பண்ணிருக்கேன், ஸ்வீட் டப்பாக்குள்ள தான், சிரிக்காதீங்க. டிவில இருந்து ஆப்டிகல் (வெளிச்சமா வர்ற டிஜிட்டல் சிக்னல்), பழைய டிவிடி பிளேயர்ல இருந்து கோஆக்சியல் (அதே சிக்னல், கரண்ட் வயர்ல), கம்ப்யூட்டருக்கு யூஎஸ்பி டு கோஆக்சியல் பெட்டி. போர்டுல ஒரே இன்புட் தான் வெளிய இருக்கு, அதனால மூணையும் ஒரு ரோட்டரி சுவிட்சுக்கு கொண்டாந்து மாத்திக்கிறேன். தனித்தனியா போட்டா மூணும் சூப்பரா பாடுது, ஆனா டிவி ஓடிட்டு இருக்கும்போது டிவிடிக்கு திருப்புனா பாட்டு நொடிக்கு ஒருக்கா கட் ஆகுது. சுவிட்ச் திருப்புறப்பலாம் ஸ்பீக்கர்ல டப்புனு சத்தம் வேற, நேத்து ராத்திரி எங்க ஆயா தூக்கத்துல எழுந்து உக்காந்துட்டாங்க. கேபிள் எல்லாம் மாத்தி பாத்துட்டேன். போர்டு போச்சா?

ஓசூர்க்காரன்: போர்டுலாம் போகல. டிவி ஓடட்டும், ஆப்டிகல் வயர மட்டும் டாக் பின்னாடி கழட்டிட்டு டிவிடிய கேளுங்க. சுவிட்சுக்கு என்ன வயர் இழுத்தீங்க?

காவேரிப்பட்டணம் பையன்: கழட்டுனா கட் ஆகலண்ணா!! வயர் சாதா ரிப்பன் தான், ஒரு சாண் இருக்கும், மூணும் ஒட்டியே வருது.

தருமபுரி மெக்கானிக்: ரிலே போடு தம்பி, சோலி முடிஞ்சுது.

ஓசூர்க்காரன்: ரிலே தப்பில்லங்க, ஆனா சிப்புக்குள்ளயே சுவிட்ச் இருக்கும்போது எதுக்கு. தம்பி, கோஆக்சியல்ல வர்றது அரை வோல்ட், ஆப்டிகல் ரிசீவர் தள்ளுறது 3.3 வோல்ட், 48 கிலோஹெர்ட்ஸ் பாட்டுன்னா அந்த வயர்ல நொடிக்கு 30 லட்சம் பிட்டுக்கு மேல ஓடுது, ஒட்டி ஓடுனா பக்கத்து வயருக்கு தாவத்தான் செய்யும், சிப்பு குழம்பி லாக்க (சிக்னலோட ஒத்து ஓடுறத) விட்டுடுது. போர்டுல தனி கன்ட்ரோலர் சிப் எதும் இல்லன்னா அது ஹார்டுவேர் மோடு, அதுல 4 இன்புட் எடுக்கலாம், 1ல இருந்து 4 வரை இருக்குற கால்தான் அது. மூணு சோர்ஸையும் தனித்தனி காலுக்கு 0.01 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வழியா குடுங்க, கோஆக்சியல் ரெண்டுக்கும் சாக்கெட்லயே 75 ஓம் ரெசிஸ்டர். ரோட்டரி சுவிட்ச் 3.3 வோல்ட்ட மட்டும் மாத்தட்டும்: முதல் இடத்துல ஒன்னும் இல்ல, ரெண்டாவது ஆர்எக்ஸ்செல்0, மூணாவது ஆர்எக்ஸ்செல்1 (எந்த இன்புட்னு சிப்புக்கு சொல்ற ரெண்டு கால்), ரெண்டுக்கும் கிரவுண்டுக்கு 10கே ரெசிஸ்டர். அந்த ரெண்டு கால்ல எதாவது போர்டுலயே கிரவுண்ட்ல ஒட்டிருந்தா முதல்ல டிராக்க வெட்டிடுங்க, இல்லன்னா 3.3 சப்ளையே ஷார்ட் ஆகும்.

டப்பு சத்தத்துக்கு, லாக் போனா சிப்போட ஆர்இஆர்ஆர் கால் (தப்பு காட்டுற கால்) ஹை ஆகும். அத 10கே வழியா ஒரு பிசி547 டிரான்சிஸ்டர் பேஸுக்கு குடுங்க, எமிட்டர் கிரவுண்டு, கலெக்டர் ஊதா போர்டோட மியூட் காலான எக்ஸ்எஸ்எம்டிக்கு, அங்க 3.3க்கு ஒரு 10கே. அந்த கால் லோ ஆனா மியூட். போர்டு பின்னாடி மூணாவது சால்டர் பிரிட்ஜ் அதுக்குத்தான், அத எடுத்துடணும், பல பேரு மறந்துட்டு டிரான்சிஸ்டர திட்டுவாங்க.

காவேரிப்பட்டணம் பையன்: அண்ணா முடிச்சிட்டேன்! நேத்து பகல் முழுக்க ஷட்டவுன், அதான் லேட்டு. கட் ஆகுறது சுத்தமா நின்னுருச்சு, டப்பும் இல்ல. ஆனா இப்ப டிவில ஒரு சில சேனல் மட்டும் கர்ர்ர்னு இரையுது, டிராக் வெட்டும்போது எதையாவது கெடுத்துட்டேனா?

தருமபுரி மெக்கானிக்: இது எனக்கு தெரியும். டிவி செட்டிங்ல டிஜிட்டல் அவுட்புட் ஆட்டோல இருக்கும், டால்பி (சுருக்கி அனுப்புற ஆடியோ) சேனல் வந்தா அப்படியே தள்ளி விடும், உன் டாக்குக்கு அத பிரிக்க தெரியாது. சுருக்காத ஆடியோவான பிசிஎம்னு மாத்து.

காவேரிப்பட்டணம் பையன்: வந்துருச்சுண்ணா!! ரெண்டு பேருக்கும் நன்றி. 75 ஓம் இங்க எந்த கடைலயும் இல்லன்னுட்டாங்க, 150 ரெண்ட பேரலலா ஒட்டி போட்டேன், பரவால்லையா?

ஓசூர்க்காரன்: தாராளமா, ரெசிஸ்டர் கால மட்டும் கட்டையா வெட்டி வைங்க.