ஃபோன்தெனே மடத்தில் இருந்து

நான்: காலையில் பிரான்சின் திஜோனில் ரயிலேறி மோன்பாரில் இறங்கி, ஃபோன்தெனே மடத்துக்கு வந்திருக்கிறேன். சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கச் சபையின் துறவிகள் 1118இல் தொடங்கியது. கோவில் படம் போட்டிருக்கிறேன், பாருங்கள்.

அத்தை: பார்த்தேன்மா. என்ன இது, இவ்வளவு வெறுமையாக இருக்கிறது? சன்னலில் வண்ணக் கண்ணாடிகூட இல்லையே!

நான்: அவர்களாக வேண்டாம் என்று விட்டது அத்தை. புனித பெர்னார்து நிறுவிய மடம் இது. கோவில் சுவர் மின்னுகிறது, ஏழை பட்டினி கிடக்கிறான் என்று கடிந்து எழுதியவர் அவர். வண்ணக் கண்ணாடி கூடாது என்று சபையில் சட்டமே இருந்தது.

நான்: ஆனால் உள்ளே நின்றால் வெறுமையே தெரியவில்லை. கீழ்ப்பக்கச் சன்னல் வழியாக வெயில் இறங்கி மண்தரையில் விழுகிறது. ஆமாம், இப்போது வெறும் மண்தரைதான். அப்படியே அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

அத்தை: மாதா சுரூபமாவது உண்டா?

நான்: ஒன்று உண்டு. கைக்குழந்தையோடு, நல்ல சிரித்த முகம். பின்னால் 13ஆம் நூற்றாண்டில் செய்தது.

பெரியப்பா: 1098இல் சீத்தோவில் ஆரம்பித்த சபைதானே? புனித ஆசீர்வாதப்பர் துறவிகளுக்கு எழுதிவைத்த ஒழுங்கை உள்ளது உள்ளபடி கடைப்பிடிக்க வேண்டும் என்று பழைய மடத்தை விட்டுக் கிளம்பியவர்கள். சாயம் போடாத கம்பளிதான் உடுப்பு.

தம்பி: சாப்பாட்டுக்கு? காணிக்கையா?

நான்: இல்லைடா, உழைப்புதான். கோவிலுக்கு அடுத்து நான் அதிக நேரம் நின்றது பட்டறையில். 53 மீட்டர் நீளம். ஓடையைத் திருப்பிவிட்டு, நீர்ச்சக்கரத்தால் பெரிய சம்மட்டியைத் தூக்கி இரும்பு அடித்திருக்கிறார்கள். தாது பக்கத்துக் குன்றிலேயே கிடைத்தது. அதே மாதிரி ஒரு சம்மட்டியை இப்போது செய்து வைத்திருக்கிறார்கள்.

பெரியப்பா: பாரமான வேலையெல்லாம் பெரும்பாலும் பொதுநிலைச் சகோதரர்கள் தலையில்தான். மடத்தில் சேர்ந்த, பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாத குடியானவர்கள். கோவிலிலும் அவர்களுக்குத் தனி இடம்.

அத்தை: செபிக்கிற இடத்திலுமா? மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது அண்ணா.

நான்: எனக்கும்தான் அத்தை. பெர்னார்து ஏழைக்காக எழுதியதைப் படித்துவிட்டு இதைக் கேட்டால் இன்னும் உறுத்துகிறது.

அத்தை: சரி, எங்கே படுத்தார்கள்?

நான்: மாடியில், ஒரே நீளக்கூடம். தரையில் வைக்கோல் மெத்தை, கணப்பு கிடையாது. அங்கிருந்து படிக்கட்டு நேராகக் கோவிலுக்குள் இறங்குகிறது. நடுச்சாமத்தில் எழுந்து அந்த வழியாகத்தான் இரவுச் செபத்துக்குப் போவார்கள்.

அத்தை: அந்தக் குளிரிலா! படிக்கட்டை மட்டும் ஒரு படம் எடுத்து அனுப்பும்மா.

நான்: இதோ, திரும்பிப் போகிறேன்.